உடலென்னும் ஏட்டில் பாடவேறுபாடு

திருவண்ணாமலையின் தென்புறத்தே, செங்கம் செல்லும் சாலையை ஒட்டி, மலையடிவாரத்தில் இரமணாசிரமம் அமைந்துள்ளது. 1896ஆம் ஆண்டில் பதினாறு வயது இளைஞராய் இத்தலத்தை வந்தடைந்த இரமண மகரிஷி, பல்லாண்டுகள் மலைக்குகைகளில் வாழ்ந்து, அன்னையார் மறைந்த 1922ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விடத்திற்கு இறங்கி வந்தார். அவரைச் சூழ்ந்திருந்தோர் மனிதர் மட்டும் அல்லர். பசுக்களும், குரங்குகளும், அணில்களும், மயில்களும் அவருடன் அச்சமின்றிப் பழகின. 1947ஆம் ஆண்டில் பரோடா அரசியார் அவருக்கு ஒரு வெண்மயிலைக் காணிக்கையாக அளித்தார். நீலக் கழுத்தும் பச்சைத் தோகையும் உடைய மயில்களையே கண்டு பழகியவர்கள், பாலிற் றோய்த்தெடுத்தாற் போன்ற அப்பறவையைக் கண்டு வியந்தனர்.

அம்மயில் வெண்ணிறம் பெற்றது ஏன்? நோயினாலன்று, முதுமையினாலும் அன்று. மயிலின் நீலமும் பச்சையும் சாயங்கள் அல்ல என்பதை முதலில் அறிதல் வேண்டும். கருநிறமித் துகள்கள் இறகினுள் மிக நுண்ணிய அடுக்குகளாக அமைந்து, தம்மேற் படும் ஒளியிலிருந்து அவ்வண்ணங்களைத் தோற்றுவிக்கின்றன. அந்நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் வெண்மயிலின் இறகுகளுக்குச் சென்று சேர்வதில்லை. ஆதலின் ஒளி முழுவதும் சிதறி வெண்மையாகவே திரும்புகின்றது. தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாக வரும் மரபுச் செய்தியில் நேர்ந்த சிறு வேற்றுமையே இவ்வளவு பெரிய தோற்ற வேற்றுமைக்குக் காரணமாயிற்று.

இத்தகைய அரிய வேற்றுமைகள் மனிதரிடத்தும் உண்டு. அவற்றுட் புறத்தே தெரிவன சில. உள்ளே மறைந்து நின்று தொழிற்படுவன பல. குடலின் உட்சுவரில் தொழிற்பட்டு, ஒருவரை நோய்க்கு அணிமையிலோ சேய்மையிலோ நிறுத்தும் வேற்றுமைகள் சிலவற்றைப் பற்றியே இங்குக் காண்போம்.

நம் உடலின் உயிரணுக்களுள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட பெருநூல் எனலாம். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களே அவ்வெழுத்துகள். ஒரு முழுப் படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று என இரண்டு படிகள் நம்மிடம் இருக்கின்றன. அந்நூலின் பகுதிகளே மரபணுக்கள். புரதங்களை ஆக்கும் முறையைக் கூறும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000 ஆகும். அவற்றில் மூன்று மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாய் நின்று, புரதத்தின் ஒவ்வோர் உறுப்பையும் குறிக்கின்றன.

‘நீயும் மயில் ஆடல் கண்டு மகிழ்’ என்னும் தொடரை நோக்குக. இதன்கண் உள்ள சொற்கள் யாவும் மூவெழுத்துச் சொற்களே. இத்தொடரை ஒருவன் படியெடுக்கும்போது ‘மயில்’ என்பதைக் ‘குயில்’ என எழுதிவிட்டான் என்க. ஒரு சொல் மட்டுமே பிறழ்ந்தது. பொருள் சிறிது கெட்டதாயினும் தொடர் நிற்கின்றது. முதற்சொல்லின் பின்னர்க் ககரம் ஒன்றை மிகையாக எழுதிவிட்டான் என்க. மும்மூன்று எழுத்தாகவே படிக்கும் விதி மாறாதாதலின், ‘நீயும் கமயி ல்ஆட ல்கண் டுமகி ழ்’ என்றாகிவிடும். ‘மயில்’ என்பதன் முதலெழுத்தை விட்டுவிட்டாலோ, ‘நீயும் யில்ஆ டல்க ண்டும கிழ்’ என்றாகும். பின்னிரண்டு இடத்தும் மாறியது ஓரெழுத்தே. ஆயினும் அதன்பின் வந்தன யாவும் பொருளற்றுப் போயின. தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூவகைப்படும் என்று தமிழ் இலக்கணத்தில் படித்த மாணாக்கர்க்கு இது புதிதன்று. மரபணு நூலார் பலவகை மாற்றங்களைக் கூறுவாரெனினும், அவற்றுள் அடிப்படையானவை இம்மூன்றே.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பு நோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அறிஞர்கள், ஒரு செய்யுள் ஒரு சுவடியில் ஒருவிதமாகவும் பிறிதொரு சுவடியில் வேறுவிதமாகவும் இருத்தலைக் கண்டு, அவற்றைப் பாடவேறுபாடு எனக் குறித்தனர். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்தது இத்தகைய வேறுபாடுகளைக் கண்டு தெளிதற் பொருட்டேயாம். பல சுவடிகளிற் காணப்படும் பாடமும் உண்டு. ஒரே சுவடியில் மட்டும் காணப்படும் அரிய பாடமும் உண்டு. அரிது என்பதனாலேயே ஒரு பாடம் பிழையாகிவிடாது. சில இடங்களில் அதுவே சிறந்த பாடமாக அமைந்துவிடுவதும் உண்டன்றோ? உடலென்னும் ஏட்டிற்கும் இவ்வுண்மை பொருந்தும். இதனைப் பின்னர்க் காண்போம்.

இனி நோய்க்கு வருவோம். இரமணாசிரமத்தைச் சூழ்ந்த தெருக்களுள் ஒன்றில் வாழும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்க. சில திங்களாக அவளுக்கு அடிவயிற்றின் வலப்புறத்தே வலி. அடிக்கடி வயிற்றுப்போக்கும் மாலைவேளைகளில் மெல்லிய காய்ச்சலும் உண்டு. உடல் மெலிந்தது; ஒத்த வயதுடைய தோழியர் வளர, இவள் வளரவில்லை. பௌர்ணமிதோறும் வீட்டாருடன் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம் வந்தவள், இடைவழியில் என்ன நேருமோ என அஞ்சி வீட்டிலேயே தங்கினாள். பள்ளியிலும் அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்க நாணி, நண்பகல் உணவையே துறந்தாள். உணவின் குற்றம் என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். இந்நோயாளர் பலருடைய துன்பம் இவ்வாறே தொடங்குகின்றது.

குடல் அழற்சி நோய் என்பது இருவகை நோய்களைக் குறிக்கும் பொதுப்பெயர். ஒன்று பெருங்குடற் புண்ணழற்சி. அது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்பரப்பில் மேனோக்கிப் பரவுவது. குருதி கலந்த வயிற்றுப்போக்கு அதன் முதன்மை அடையாளம். மற்றொன்று கிரோன் நோய். வாய்முதல் எருவாய்வரை எவ்விடத்தும் அது தோன்றலாம் எனினும், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தையே பெரிதும் நாடுகின்றது. குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவிச் சில வேளைகளில் குடலையே சுருக்கி அடைத்துவிடுகின்றது. 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மௌண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மருத்துவர் மூவர், 14 நோயாளர்களை ஆராய்ந்து இந்நோயை விளக்கினர். பெயர் வரிசையில் முதலில் நின்றவரின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. மற்ற இருவரும் உழைத்த உழைப்பு அப்பெயரில் மறைந்தது.

இவ்விரு நோய்களுக்கும் வெளியிலிருந்து வந்த பகை என ஒன்றைச் சுட்ட இயலாது. குடலினுள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நம்முடன் ஒன்றி வாழ்கின்றன. அவற்றுள் நட்பாவன எவை, பகையாவன எவை எனப் பகுத்துணர்ந்து காக்கும் காவற்படை ஒன்று குடற்சுவரில் உள்ளது. அப்படை தன் அளவை மறந்து, ஓயாது போர் புரிந்து, தான் காக்க வேண்டிய சுவரையே புண்படுத்துவதே குடல் அழற்சி.

நம் நாட்டு மருத்துவர்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. குடலிற் பற்றும் காசநோயும் சிறுகுடலின் அதே இறுதிப் பகுதியையே நாடுகின்றது. அதே வலி, அதே காய்ச்சல், அதே மெலிவு. உள்நோக்கியால் கண்டாலும், சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தாலும் ஐயம் தீராத வேளைகள் உண்டு. காசநோயைக் கிரோன் நோயெனக் கருதிக் காவற்படையை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தால், காசக்கிருமி கட்டவிழ்ந்து பரவும். கிரோன் நோயைக் காசநோயெனக் கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால், அந்நாட்களில் குடல் மேன்மேலும் சுருங்கும். அம்மாணவியின் மருத்துவர் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றார். மரபணுவைச் சோதித்து ‘இது கிரோன் நோயே’ எனத் துணிய வழியுண்டாயின் எத்துணை நலமாகும்!

அத்தகைய வழி கிடைத்துவிட்டது என்றே 2001ஆம் ஆண்டில் பலரும் எண்ணினர். அவ்வாண்டில் பிரான்சு நாட்டிலும் அமெரிக்காவிலும் உழைத்த இரு குழுவினர், பதினாறாம் குரோமோசோமில் உள்ள நாட்-2 என்னும் மரபணுவிற்கும் கிரோன் நோய்க்கும் தொடர்பு உண்டெனக் கண்டனர். அம்மரபணு ஆக்கும் புரதம் ஒரு காவலனைப் போன்றது. பாக்டீரியங்களின் சுவரிலிருந்து உதிரும் சிறு துணுக்கை இனங்கண்டு எச்சரிக்கை எழுப்புவது. ஐரோப்பிய நோயாளரிடம் அதில் மூன்று பாடவேறுபாடுகள் மிகுந்து காணப்பட்டன. அவற்றுள் இரண்டு திரிதல், மூன்றாவது தோன்றல். ஓரெழுத்து மிகையாகத் தோன்றியதனால், 1040 உறுப்புகளைக் கொண்டிருக்க வேண்டிய புரதம் 1007ஆம் உறுப்போடு அறுந்து நின்றுவிடுகின்றது. காவலன் உரிய காலத்தில் குரல் கொடாமையால் நுண்ணுயிர்கள் சுவரினுள் தங்கிவிட, பின்னர்ப் பெரும்படையே திரண்டு வந்து அழிவு செய்கின்றது என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

எனினும் இவ்வேறுபாடுகளை ஊழ்வினை போல் கருதிவிடலாகாது. இரண்டு படிகளிலும் இவற்றை உடைய ஐரோப்பியர்க்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் பன்மடங்கு என்பது மெய்யே. ஆயினும் அவருள்ளும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோயை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கின்றனர். அரிதான ஒரு நிகழ்ச்சி பன்மடங்காகப் பெருகினும் அரிதாகவே இருத்தல் கூடும் என்னும் இக்கணக்கைச் செய்தித்தாள்கள் பலவேளை மறந்துவிடுகின்றன.

திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வேலூர். அங்கே 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் ஐடா ஸ்கட்டர் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவமனையே, வளர்ந்து கிறித்துவ மருத்துவக் கல்லூரியாகப் புகழ் பெற்றது. குடல் நோய் ஆராய்ச்சியில் அக்கல்லூரிக்கு நெடிய மரபு உண்டு. அங்குப் பணியாற்றிய பி. எஸ். இராமகிருஷ்ணா முதலிய அறிஞர்கள், கிரோன் நோயுற்ற இந்தியரிடம் அம்மூன்று பாடவேறுபாடுகளையும் தேடினர். 2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு சுருக்கமானது: அவை இந்நாட்டு நோயாளரிடம் காணப்படவில்லை. 2002ஆம் ஆண்டிலேயே ஜப்பானியரும் தம் நாட்டு நோயாளரிடம் அவை இல்லை எனக் கூறியிருந்தனர்.

‘இல்லை’ என்னும் முடிவைப் பயனற்றதெனச் சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுவது பிழை. ஐரோப்பியர்க்கென வகுத்த சோதனையை அம்மாணவிக்குச் செய்து, ‘மாறுபாடு ஒன்றும் இல்லை, ஆகவே கிரோன் நோய் இல்லை’ என்று மருத்துவர் துணிந்திருப்பாராயின், அவள் நிலை என்னாகும்? மதுரைச் சுவடியின் பிழைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துச் சுவடியைத் திருத்தப் புகுதல் போன்றது அது. நோய் ஒன்றாயினும் அதற்கு வழிவிடும் பாடங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. 2015ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பி. கே. தெல்மா முதலியோரும் லூதியானாவின் மருத்துவர்களும் கூடி, பெருங்குடற் புண்ணழற்சியுற்ற வடஇந்தியரின் மரபணுத் தொகுதி முழுவதையும் துருவி ஆராய்ந்தபோது, அதுவரை குறிக்கப்படாதிருந்த மூன்று இடங்களை நோயோடு தொடர்புபடுத்திக் காட்டினர்.

உலகில் இதுவரை குடல் அழற்சியோடு தொடர்புடையனவாகக் கண்ட மரபணு இடங்கள் 200க்கு மேற்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை பலரிடத்தும் காணப்படும் பொதுப்பாடங்கள். ஒவ்வொன்றும் நோயின் பக்கம் சிறிதளவே தள்ளுவன. அரிய பாடங்கள் அவ்வாறல்ல. அவை சிலரிடமே உள்ளன. ஆயின் அவற்றுட் சில வலிமை மிக்கன. எந்தப் புரதம் எவ்வாறு பிறழ்ந்தது என்பதை நேரே சுட்டிக் காட்டுவன. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கிரோன் நோயுற்றோர் ஏறத்தாழ 30,000 பேரின் மரபணுக்களை நோயற்றோர் உள்ளிட்ட 80,000 பேரின் மரபணுக்களோடு ஒப்பு நோக்கினர். காவலணுக்களில் மட்டுமன்றி, குடற்சுவரைத் தாங்கி நிற்கும் திசுவின் அணுக்களிலும் தொழிற்படும் மரபணுக்கள் அதனால் வெளிப்பட்டன. ஆயின் ஆராயப்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரே என்பதை மறத்தல் கூடாது.

அரிய பாடம் நல்ல பாடமாகவும் அமையலாம் என்று முன்னர்க் கூறினோம். இன்டர்லூகின்-23 என்பது காவற்படையைப் போருக்கு ஏவும் தூதுப்பொருள். அதனை ஏற்கும் புரதத்தில் ஒரு திரிபு, அதனை உடையவரைக் கிரோன் நோயிலிருந்து காக்கின்றது என 2006ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சிலர்க்கு இயற்கை தானே அமைத்த இக்காப்பு, மருந்தாலும் இதனைச் செய்யலாம் என்னும் நம்பிக்கைக்கு வலுவூட்டியது. அத்தூதுப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் இன்று கிரோன் நோய்க்கு வழங்கப்படுகின்றன. நோயாளரை ஆராய்ந்து பெறும் அறிவினும், நோய் அணுகாதவரை ஆராய்ந்து பெறும் அறிவு சிலவேளை பயன் மிக்கதாகின்றது.

எழுத்து ஒன்றே யாவற்றையும் ஆட்டுவிப்பதன்று என்பதற்கு இரட்டையரே சான்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கு மரபுநூல் ஒன்றே. ஆயினும் ஒருவர்க்குக் கிரோன் நோய் வந்தால், மற்றவர்க்கும் வருதல் பாதிக்கும் குறைவான இணைகளிலேயே நிகழ்கின்றது. பெருங்குடற் புண்ணழற்சியில் அதனினும் குறைவு. மற்றொரு சான்று இங்கிலாந்து நாட்டு லெஸ்டர் நகரிலிருந்து வருகின்றது. அங்குக் குடியேறிய இந்திய வழியினரிடையே பெருங்குடற் புண்ணழற்சி, அங்குள்ள ஐரோப்பியரிடத்துக் காண்பதினும் மிகுதியாகத் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டனர். கப்பலேறியதனால் ஒருவருடைய மரபணு மாறிவிடுவதில்லை. மாறியவை உணவும், உறையுளும், குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமுமேயாம். இந்தியாவிலும் இந்நோய் அரிதென நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1999ஆம் ஆண்டில் பஞ்சாபில் வீடுதோறும் சென்று 50,000க்கு மேற்பட்டோரை வினவி ஆராய்ந்தபோது, இலட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி இருத்தல் தெரியவந்தது.

மிக இளங்குழந்தைகளிடத்தே தோன்றும் குடல் அழற்சியோ இவற்றினின்றும் வேறுபட்டது. பிறந்து சில திங்களுக்குள்ளேயே கடும் புண்களுடன் அது தொடங்கிவிடும். 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹனோவர் நகர மருத்துவர் முதலியோர், உறவினருள் மணம் புரிந்த குடும்பங்களிற் பிறந்த அத்தகைய குழந்தைகளை ஆராய்ந்தனர். போரை நிறுத்துமாறு ஆணையிடும் இன்டர்லூகின்-10 என்னும் பொருளை ஏற்கும் புரதம் அவர்களிடம் பழுதுற்றிருந்தது. இங்கே ஒரே மரபணுவின் பழுதே நோயை ஆக்கிவிட்டது. பழுது எலும்பு மச்சையிற் பிறக்கும் காவலணுக்களில் உள்ளது எனத் தெரிந்தமையால், பிறருடைய குருதி மூல அணுக்களை ஒரு குழந்தைக்குச் செலுத்தினர், நோய் அடங்கிற்று. எழுத்துப் பிழையைக் கண்டது வெறும் புலமை விளையாட்டாய் முடியாமல் ஓர் உயிரைக் காத்தது.

இத்தகைய நோய் தோன்றுதற்குப் பழுதான பாடம் தந்தை வழிப் படியிலும் தாய் வழிப் படியிலும் ஒருங்கே இருத்தல் வேண்டும். ஒரு படியில் மட்டும் இருப்பின் மற்றைப் படி ஈடுசெய்துவிடும். வெண்மயிலை நீலமயிலோடு இணைத்தால் குஞ்சுகள் பெரும்பாலும் நீலமாகவே தோன்றுகின்றன. வெண்மை அவற்றுள் மறைந்து நிற்கின்றது. அத்தகைய குஞ்சுகள் இரண்டு வளர்ந்து இணைந்தால், நான்கில் ஒன்று வெண்ணிறமாய்ப் பிறக்க வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் ஆகியோரை மணத்தல் நெடுங்கால வழக்கம். மாமன் மக்களும் அத்தை மக்களும் மரபுநூலில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கையும் பொதுவாகப் பெற்றிருக்கின்றனர். ஆகவே பாட்டனிடம் மறைந்து கிடந்த அரிய பாடம், இருவழியாலும் வந்து பேரனிடம் சந்திக்கும் வாய்ப்பு பெருகுகின்றது. இத்தகைய மணங்களிற் பிறந்த மக்களுட் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆயினும் குழந்தைக்கு இளமையிலேயே நோய் கண்டவிடத்து, ‘பெற்றோர் உறவினரா?’ என மருத்துவர் வினவுவது வெறும் வம்பு அன்று. அவ்விடையை மறைத்தலால் கெடுவது அக்குழந்தையே.

நம் நாட்டுச் சுவடிகளை நாமே தொகுக்கும் பணி அண்மையில்தான் வேகம் பெற்றது. தில்லியிலும் ஐதராபாத்திலும் உள்ள நடுவண் ஆய்வகங்கள் 1,029 இந்தியரின் மரபுநூல்களை முழுமையாகப் படித்தன. அவற்றிற் கண்ட பாடவேறுபாடுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, உலகின் பிற தொகுப்புகளில் இல்லாதவை. பின்னர்ப் பல நிறுவனங்கள் கூடி ஏறத்தாழ 10,000 பேரின் நூல்களைப் படித்த தொகுப்பு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டது. 140 கோடி மக்களுள் பதினாயிரம் என்பது பெருங்கடலில் ஒரு குடமே. எனினும், ஒரு நோயாளரிடம் காணும் மாறுபாடு அவருக்கே உரியதா, நம்மவர் பலரிடத்தும் தீங்கின்றி இருப்பதா எனப் பார்த்துத் தெளிய இப்போது ஓர் ஏடு உண்டு.

வேலூர் சென்ற அம்மாணவிக்குப் பலமுறை சோதித்த பின்னர்க் காசநோயன்று, கிரோன் நோயே என மருத்துவர்கள் தெளிந்தனர் எனக் கொள்வோம். மருந்துகளால் வலி தணிகின்றது, உடல் தேறுகின்றது. அப்போது அவளுடைய அன்னை கேட்கும் வினா ஒன்றே: ‘இவள் தம்பிக்கும் இது வருமா?’ நோயாளரின் உடன்பிறந்தார்க்கு வாய்ப்பு மற்றவரினும் மிகுதி. ஆயினும் அவருட் பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை. நோயாளருட் பெரும்பாலோர் வீட்டில் வேறெவர்க்கும் இந்நோய் இருந்ததுமில்லை. நலமாயிருக்கும் சிறுவனுக்கு இன்று செய்யத்தக்க மரபணுச் சோதனை எதுவும், ‘வரும்’ என்றோ ‘வாராது’ என்றோ உறுதி கூறாது. அவன் எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறுகின்றனவா எனப் பார்த்து வருதலும், நீடித்த வயிற்றுப்போக்கோ மலத்தில் குருதியோ கண்டால் நாணாமல் உடனே கூறுமாறு அவனைப் பழக்குதலும் போதும். வளர்ந்த பின்னர்ப் புகையிலையைத் தொடாதிருக்குமாறும் அவனுக்குச் சொல்லலாம். புகைத்தல் கிரோன் நோயை மிகுவிக்கும் என்பது மேனாட்டு ஆராய்ச்சிகளால் தெளிவான ஒன்று. அடுத்த பௌர்ணமிக்கு மலையை வலம் வரலாமா எனத் தமக்கை கேட்பதற்கு மருத்துவர் கூறும் விடை இன்னும் எளியது: களைப்புத் தோன்றுமிடத்து அமர்ந்து, நீர் பருகி, மெல்ல நடந்து வரலாம்.